யார் வேண்டுமானாலும் படிக்கலாம்

அலுவலக லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அல்சூர் ஏரியோரமாக நடந்துகொண்டிருந்தேன். முதுகில் பை இருந்தும் கனம் இல்லை. வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு, என்னைப்போல் மெதுவாக நடப்பவர்கள் அங்கே யாருமில்லை.

பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டில் விட்டவன் நான். தர்மபுரியிலிருந்து திருப்பூர், பிறகு ஓசூர், கடைசியில் பெங்களூரு. புரோகிராமிங் கைபேசியில் கற்றது. ஒப்பந்த வேலையில் எனக்குக் கிடைத்தது, வீடு தேடிப் போய் ரத்தம் எடுப்பவர்களுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள். 'இன்று விடுமுறையா?' என்ற ஒரே சோதனை அந்த நிரலில் பதினோரு இடங்களில் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. எனக்கு முன்பிருந்தவர் நடுவே ஆங்கில எழுத்தில் தமிழில் குறிப்பு விட்டிருந்தார்: "இத தொடாத மச்சி." அந்த அலுவலகத்தில் என்னோடு தமிழ் பேசியது அந்தக் குறிப்பு ஒன்றுதான்.

"டேய் சேகர், அந்தக் குப்பை உனக்கு மட்டுந்தான் புரியுது. அதான் உன்ன வெச்சிருக்காங்க. சுத்தம் பண்ணிட்டா நீ எதுக்குடா?" என்றான் அறைத் தோழன் அருள், அரக்கோணத்துக்காரன்.

அவன் சொன்னது சரிதான். ஆனால் அந்த வாரம் ஒரு புகார் வந்தது. விடுமுறைத் தேதி மாறியபோது பத்து இடங்களில் திருத்தியிருந்தேன், பதினோராவதை விட்டுவிட்டேன். யாரோ ஒரு பெரியவர் ரத்தம் எடுக்க ஆள் வராமல் வெறும் வயிற்றோடு மதியம்வரை காத்திருந்தாராம்.

ரீஃபாக்டரிங் என்று சொல்லப்படும் அந்தச் சுத்தம் செய்யும் வேலையில் வெளியே எதுவும் மாறக் கூடாது, உள்ளே மட்டும் மாற வேண்டும். துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தேன். பதினொன்றும் ஒன்றானது. மச்சியின் குறிப்புக்கு வேலையில்லாமல் போனது. அழித்தேன். அன்று மதியம் தனியாகச் சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் பிடித்தது.

"தும்ப சென்னாகிதே சேகர்!" என்றார் டீம் லீட் மஞ்சுளா. ரொம்ப நன்றாயிருக்கிறது, இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாமே என்று கன்னடத்தில் வியந்தார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். பத்து நாள் கழித்து, ஒப்பந்தம் நீளாது என்றபோதும் அதையேதான் காரணமாகச் சொன்னார்.

லேப்டாப்பைக் கொடுத்த மறுநாள் காலை ஒக்கலிபுரத்தில், மாடியில் ஒரு சிறிய கம்பெனி. உரிமையாளர் கன்னடர், தமிழும் பேசினார்; எல்லாரையும் 'குரு' என்றே கூப்பிட்டார்.

"நம்ம சாஃப்ட்வேர் கோட் கிட்ட யாரும் போறதில்ல குரு. எத்தனை மாசம் வேணும்?"

"எல்லாரும் படிக்கிற மாதிரி ஆகிறவரைக்கும் சார்."

"அப்புறம்?"

"கெளம்பிடுவேன்."

நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்தபடி படிவத்தை நீட்டினார். நிரந்தர முகவரி என்ற இடத்தில், அண்ணன் எப்போதோ விற்றுவிட்ட தர்மபுரி வீட்டை எழுதினேன். எனக்கு மனப்பாடமான முகவரி அது ஒன்றுதான்.