அம்மாவோடு கடற்கரை ஓரமாக

கொண்டாப்பூரில் நாங்கள் இருந்த ஃப்ளாட்டை விட்டு அம்மா ஒரு வருடத்துக்கு மேல் அநேகமாக வெளியே வரவே இல்லை. அப்பா போன பிறகு கோபிச்செட்டிபாளையம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மாவை நான்தான் ஹைதராபாத்துக்குக் கூட்டி வந்திருந்தேன். காலையில் ஆபீஸ் கேப் ஏறினால் நான் திரும்பி வர இருட்டிவிடும். எதிர்வீட்டுப் பெண்மணி தெலுங்கில் ஏதாவது கேட்டால் அம்மா சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். கீழே காய்கறி வண்டி வந்தால் எனக்குப் போன் வரும். "கால் கிலோ பீன்ஸு வேணும்னு தெலுங்குல எப்படிக் கேக்கறது கண்ணு?" நான் ஏதாவது மீட்டிங்கில் இருப்பேன்.

அந்த டிசம்பரில் நானும் எங்கள் டீமில் இருந்த தோழியும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் திட்டம் போட்டிருந்தோம். கோவா வரை ரயில். அங்கிருந்து கடலை விடாமல் தெற்கே உடுப்பி வரை பஸ்ஸும் பாசஞ்சர் வண்டியும். தங்குவதற்கு மலிவான ஹாஸ்டல்கள், பெண்கள் டார்மிட்டரியில் ஆளுக்கொரு கட்டில். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஈரோட்டிலிருந்து சித்தி வருவதாக ஏற்பாடு. தோழி ஹைதராபாத்திலேயே லோத்குண்டா பகுதிக்காரி. ரயில்வே வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவளுடையது; பேச்சில் ஹைதராபாத் இந்தி கலந்து வரும். கிளம்புவதற்கு முன்தினம் அவளிடமிருந்து போன் வந்தது.

"நக்கோ யார், வேணாம்ப்பா, என்னைய விட்டுடு. ப்ராஜெக்ட் ரிலீஸ் தள்ளிப்போச்சு. லீவ் கேன்சல்."

"மேனேஜர்கிட்ட பேசிப் பாத்தியா?"

"ஹவ், ஆமா, பேசிட்டேன். அந்த மூஞ்சியப் பாத்தா இன்னொரு வாட்டி கேக்கத் தோணல. நீ போய்ட்டு வா. என் பேக்கை வேணா எடுத்துக்கோ, உன்னுதுல ஜிப்பு சரியில்ல."

தனியாகப் போக எனக்கு மனம் வரவில்லை. சித்திக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மடித்து வைத்த துணிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அந்தப் புள்ளைக்குப் பதிலா நான் வர்றேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க தனி ரூமெல்லாம் கிடையாதும்மா. ஒரே ஹால்ல எட்டுப் பேர் படுக்கணும். கட்டிலுக்கு மேல கட்டில். பாத்ரூம் வெளியில."

"கூட்டுக் குடும்பத்துல வாக்கப்பட்டவ நானு. எட்டுப் பேரெல்லாம் எனக்கு ஒரு கூட்டமா?"

மறுநாள் தோழியின் பையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று வார்களை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். அந்த முகத்தில் அத்தனை அக்கறையைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

கோவா ஹாஸ்டலில் கீழ்க்கட்டில் எதுவும் காலியில்லை. என்ன செய்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அம்மா கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டார். போலந்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் ஓடிவந்து முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். மேலே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தவர், அறை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இங்கிருந்து எல்லாரையும் நல்லாப் பாக்கலாம்" என்றார். கீழே இடம் கிடைத்த பிறகும் அவர் இறங்கி வர ஒப்பவில்லை.

போலந்துப் பெண்ணும் எங்களோடு கோகர்ணம் வந்தாள். வந்த அன்றே தின்ற இறால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் காலை அந்தப் பெண்ணும் வேறு சிலரும் குன்றைத் தாண்டி அடுத்த கடற்கரைக்கு நடந்து போகத் தயாரானார்கள். அம்மா கஞ்சியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "நானும் போய்ட்டு வரட்டா?" என்றார். இருந்த களைப்பில் தலையை மட்டும் ஆட்டினேன்.

மதியத்துக்கு மேல் மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். அம்மா வரவில்லை. "கொஞ்ச நேரம் உட்காரணும்னு சைகை காட்டினாங்க, பின்னால வருவாங்கன்னு நினைச்சோம்" என்று ஆங்கிலத்தில் சொன்ன போலந்துப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் செல்போன் தலையணைக்கு அடியில் கிடந்தது. வயிற்றுவலியை மறந்து கரைக்கு ஓடினேன்; அவளும் கூடவே ஓடி வந்தாள். குன்றுப்பாதை, வழுக்கும் பாறை, மொழி தெரியாத ஊர், வீட்டை விட்டு இறங்கிப் பழக்கமில்லாத அம்மா. நினைக்க நினைக்க நடையை எட்டிப் போட்டேன்.

நாங்கள் பாதையைப் பிடிக்கும் முன்னே ஒரு படகு கரையை நோக்கி வந்தது. நடுப்பலகையில், புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் தானாகவே குதித்து இறங்கினார்.

"எங்கம்மா போனீங்க? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"மறுபடி மலையேற முட்டி ஒத்துக்கல. இவங்க ஆள் ஏத்திட்டு இருந்தாங்க. கேட்டேன், ஏறிக்கோன்னாங்க."

"எந்த பாஷையில கேட்டீங்க?"

"சத்தியமங்கலம் சந்தையில காதுல விழுந்த கன்னடந்தான். தப்புத் தப்பாத்தான் பேசுனேன். அதனால என்ன, புரிஞ்சுதுல்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ஈரக் கையால் என் கன்னத்தைத் துடைத்தார். "எனக்கும் பயந்தான் கண்ணு. படகு ஆடுனப்ப உங்கப்பாவ நெனச்சுக்கிட்டேன். அப்பப் பாத்து ஒரு பெரிய மீனு, கருகருன்னு முதுகு, அப்படியே எந்திரிச்சுக் குதிச்சுது பாரு! கத்திட்டேன். எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

மணலில் உட்கார்ந்தோம். ஈரப் புடவை ஓரத்தைப் பிழிந்துகொண்டே அம்மா சொன்னார். "அந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது. உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு சொல்லல."

"ஊருக்கே போயிடலாமாம்மா?"

"அங்க மட்டும் யாரு இருக்கா? நீ இருக்கற ஊர்லயே இருக்கறேன். ஆனா கதவத் தெறந்து வச்சுக்கிட்டு இருக்கறேன்."

உடுப்பி வரை போனோம். வழியில் பஸ் எதுவென்று விசாரிக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். ஒருமுறை தவறான பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பெயர் தெரியாத ஒரு மீன்பிடிக் கிராமத்தில் இறங்கினோம்; அங்கே சாப்பிட்ட மீன் குழம்பைப் பற்றி நாங்கள் இன்னும் பேசுகிறோம்.

ஹைதராபாத் திரும்பிய வாரமே அம்மா எதிர்வீட்டுப் பெண்மணியோடு காலை நடைக்குப் பொட்டானிக்கல் கார்டன் போக ஆரம்பித்தார். முதலில் சைகை, பிறகு அரைகுறைத் தெலுங்கு. கோடை வருவதற்குள் அங்கே ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது நான்கு பெண்கள் எங்கள் ஹாலில் உட்கார்ந்து, பூரி கோவிலுக்குப் போகும் ரயிலில் கீழ் பெர்த் கிடைக்குமா என்று சத்தமாகத் தெலுங்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"எங்க வயசுக்காரங்க மட்டுந்தான்" என்றார் அம்மா. மற்ற நால்வருக்கும் அதை அவரே தெலுங்கில் சொல்ல, எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.