கண் திறக்காத அப்பா

அப்பாவின் முதல் வருஷத் திதிக்குள் சிலை வந்துவிட்டது. 2003 என்று நினைவு. கம்பெனி வேலையாக இத்தாலிக்குப் போன அண்ணன், அங்கே மியூசியத்தில் வரிசையாக இருந்த வெள்ளைத் தலைகளைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டான். அப்பாவையும் அதே மாதிரி சலவைக்கல்லில் மார்பளவுக்குச் செய்யச் சொல்லி சென்னையில் ஒரு சிற்பியைப் பிடித்திருந்தான்.

அம்மா சம்மதித்ததற்குக் காரணம் வேறு. அப்பாவுக்குத் தனியாக ஒரு போட்டோகூட இல்லை. இருந்ததெல்லாம் கல்யாண வீட்டுக் கூட்டப் படங்கள், அவற்றில் முகம் சுண்டைக்காய் அளவு.

"அவுக மொகத்த நேருக்கு நேரா பாத்துக்கிட்டு இருக்கணும். அது போதும் எனக்கு" என்றாள் அம்மா.

சிலை வந்ததும் துணியை விலக்கினோம். கன்னங்கரேலென்று இருந்த மனுஷன் வெள்ளை வெளேரென்று இருந்தார். நெற்றியில் சுருள்முடி வேறு. திண்டுக்கல்லில் வெங்காய மண்டி நடத்தியவருக்கு ரோமாபுரி ராஜா மாதிரி ஒரு தோளில் மட்டும் போர்வை. சுண்டைக்காய் முகத்தை வைத்து என்ன செய்வது என்று, சிற்பி அண்ணனையும் உட்கார வைத்து அளவெடுத்திருந்தாராம். வாசல் பக்கமிருந்து பார்த்தால் அப்பா. அடுப்படியிலிருந்து பார்த்தால் அண்ணன். நடுவில் நின்றால் யாரோ.

கீரனூரிலிருந்து வந்த அண்ணனின் மாமனார் நிதானமாகச் சுற்றி வந்து பார்த்தார். "சிலை அருமைங்க. யாருதுங்க இது?" என்றார்.

அம்மாவுக்கு நிறமோ முடியோ ஒரு பொருட்டாக இல்லை. "கண்ணுல பாப்பாவே இல்லையேடா" என்றாள். அந்தக் காலத்து ரோமாபுரிச் சிலைகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் விழியை வெறுமையாக விடுவதுதான் அழகு என்று அண்ணன் மூச்சுமுட்ட விளக்கினான். அவள் காதிலேயே வாங்கவில்லை. அவளுக்குத் தெரிந்த சிலைக்கெல்லாம் கடைசியில் கண் திறப்பார்கள். இது பாதி வேலையில் வந்த சிலை, அவ்வளவுதான். கோயில் சிலை செய்யும் ஸ்தபதியைக் கூட்டிவரச் சொல்லிவிட்டாள்.

ஸ்தபதி வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சாமிக்குத்தான் கண்ணு தொறந்திருக்கேன். இதுக்கு மந்திரம் சொல்லணுமா வேணாமான்னே வெளங்கலயே" என்றார். எங்களுக்கு மட்டும் விளங்கியதா என்ன? கண் திறந்தால் சாமியாகிவிடுமோ, தினம் பூசை வைக்க வேண்டுமோ என்று ஆளுக்கொன்று பேசினோம். கடைசியில் அவரே, "உளி வச்சுட்டா வச்சதுதான். மொதல்ல கரியில போட்டுக் காட்டுறேன், பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார்.

போட்டார். இரண்டே விழிகள்தான். குழப்பமெல்லாம் தீர்ந்து, சந்தேகமே இல்லாமல் அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா எதிரே போய் நின்றாள். அவர் அவளையே பார்த்தார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். செத்த நேரத்தில் முகம் வாடிப்போய்த் திரும்பிவிட்டாள்.

"அழிச்சிருங்கய்யா" என்றாள்.

"ஏம்மா, சரியா வரலயா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அவுக ஒரு நாளும் என்னய இம்புட்டு நேரம் பாத்ததில்ல."

ஸ்தபதி ஈரத்துணியால் சிலையின் கரிக்கண்களைத் துடைத்தார். அம்மா அதைக் குறையாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. செத்துப்போன அப்பா மேல் அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது.