பல்செட் அக்கா விட்ட வண்டி

பல்செட் அக்காவுக்கு ஊரில் பாதிப் பேரின் வாய் அத்துப்படி, முகம்தான் தெரியாது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் தன் மாடி அறையில் அச்சு வார்க்கும் மாவும் மெழுகும் அப்பிய மேசையில் உட்கார்ந்து, அச்சுக்கு ஏற்ற பல்லைக் கட்டி அனுப்புவாள். யார் போட்டார்கள், எப்படிச் சிரித்தார்கள், ஒரு தகவலும் வராது.

"நான் கட்டின பல்லு பேசி ஒரு நாளாவது கேட்டிருப்பேனாங்க?" என்று கணவரிடம் அலுத்துக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் மேடை ஏற வேண்டிய ஒரு பாட்டுக்காரர், காலையில் மேல் பல்செட்டைக் கழுவும்போது கை நழுவவிட்டார். இரண்டாக உடைந்தது. தொண்டை கெட்டு வருஷக்கணக்கில் வீட்டில் கிடந்தவருக்கு மறுபடி கிடைத்த முதல் மேடை அது! பல் இல்லாமல் பாடினால் பாட்டா வரும்? காற்றுதான் வரும். டாக்டர் செட்டை, அதைக் கட்டிய அக்காவிடமே அவசரமாக அனுப்பினார். சோறு தண்ணி மறந்து ஒட்டி முடித்தாள்.

வெளியே பேய் மழை. சாலையெல்லாம் முழங்கால் தண்ணீர். நேரே அரங்கத்துக்கே கொண்டுவருவதாகப் பாட்டுக்காரரின் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் வரை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டாண்டில் நிறுத்தினாள். சுரங்கப் படியில் இறங்கிக்கொண்டே மறுபடி போன் போட்டாள். "அம்மா, வண்டிய விட்டுட்டேன்..." அதோடு சிக்னல் போயிற்று.

அரங்கத்தில் அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, ரயில விட்டுட்டு நிக்கிறாளாம்! நீங்களே ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடுங்க!"

பாட்டுக்காரரும் நல்ல மனுஷன், ஓடினார். பூமிக்கடியில் அவர் ரயில் அந்தப் பக்கம், பல் வந்த ரயில் இந்தப் பக்கம். அக்கா அரங்கத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தால், பல் இருக்கிறது, வாயைக் காணோம்.

"வண்டிய விட்டுட்டேன்னுதானே சொன்னே?"

"ஸ்டாண்டுல விட்டேம்மா, ஸ்கூட்டர!"

திட்டவும் நேரமில்லை. நல்லவேளை, அவர் அந்தக் கோடியில் மேலே வந்ததும் போன் கிடைத்தது. பாதி வழியில், ரயில் தடம் மாறுகிற பெரிய ஸ்டேஷனில் இறங்கி நிற்கச் சொன்னார்கள். அக்கா திரும்பவும் சுரங்கத்துக்குள் பாய்ந்தாள்.

அங்கே நடைமேடை நிறைய ஜனம். முகம் தெரியாவிட்டால் என்ன? உள்ளே போன மேலுதடு, இடது பக்கம் சாய்ந்த கீழ்ப்பல். "சார், நீங்கதான்!" என்று கையைப் பிடித்து இழுத்து, அரங்கம் போகிற ரயிலில் ஏற்றினாள். கதவு மூடியதும் டப்பாவை நீட்டினாள். அவர் திரும்பி நின்று மாட்டிக்கொண்டார்.

"இறுக்கமா இருக்கா சார்? ஏதாவது சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை, பாடினார். முதலில் முனகலாக, பிறகு துணிந்து, மேலே மேலே. செட் அசையவில்லை. ஒவ்வொரு எழுத்தும் கல்லில் வெட்டியதுபோல் விழுந்தது. காதுகளில் மாட்டியிருந்த இயர்போனைப் பலரும் கழற்றினார்கள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்த பெண்மணியின் தோளைத் தட்டினாள்.

"அது என் பல்லுங்க!"

அந்தப் பெண்மணி பாட்டை விட்டுவிட்டு, அக்காவின் வாயையே உற்றுப் பார்த்தார்.