காற்று நின்ற நேரம்

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் தேசம்மா அக்காவைப் பேட்டி எடுக்கப் போன அன்று, மைக்கில் காற்றைத் தடுக்க மாட்டும் பஞ்சு உறையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மாலைக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். ஹெட்போனில் அவர் குரலைவிடக் காற்றின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. கேமராவில் அடிக்குரல் இரைச்சலைக் குறைக்கும் லோ-கட் ஃபில்டரைப் போட்டேன், மைக்கைத் துண்டால் சுற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"இன்னா நைனா, மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற?" என்றார் அக்கா. விஷயத்தைச் சொன்னேன்.

"இது கரைலேர்ந்து அடிக்கிற கரைக்காத்து. கடக்காத்து வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ரெண்டுமே இருக்காது. அப்ப பேசறேன், புடிச்சிக்கோ."

நான் நம்பாமல், வானிலைக் கணிப்பைத் திறந்து போனை நீட்டினேன். "சாயங்காலம் வரைக்கும் காத்து அடிக்கும்னு இதுல போட்டிருக்கான்க்கா."

"அவன் என்னிக்காவது கடலுக்குப் போய்க்கீறானா?"

பதினொரு மணிவாக்கில், படகில் கட்டியிருந்த கொடி சட்டென்று துவண்டது. ஹெட்போனில் இரைச்சல் அடியோடு அற்றுப்போனது. அக்கா மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. உடனே பதிவுப் பொத்தானை அழுத்தினேன். முதன்முதலில் மீன்கூடையைத் தலையில் தூக்கிய நாளைப் பற்றி அவர் சொல்லி முடித்ததும், அதே கொடி எதிர்ப்பக்கமாகப் பறக்கத் தொடங்கியது.

அந்த உறை இப்போது எப்போதும் என் பையில் இருக்கிறது. அன்றும் இருந்திருந்தால், காற்று நிற்கும் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.