சீதனத்துக்கு ஒரு துவக்கு

என் அண்ணனுக்குக் குடிப்பழக்கம் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, சீட்டாட்டமும் இல்லை. மலிவு என்ற ஒரே ஒரு பழக்கம்தான் இருந்தது. கோடை காலத்தில் சனிக்கிழமை விடிந்தால் காரை எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் பழைய சாமான் பரப்பி விற்கும் தெருக்களாகப் பார்த்துப் போய்விடுவார். ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் பதினோராம் மாடியில் குடியிருந்த எங்களிடம் புல்வெட்டும் மெஷின் ஒன்று இருந்தது. பல்கனியில் படங்கு போர்த்துக்கொண்டு நின்றது. எதற்கு என்று கேட்டால், "உந்த விலைக்கு இனிக் கிடைக்குமோ?" என்பார். கிடைக்காதுதான். அதற்காக பல்கனியில் புல் முளைக்குமா?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தொன்பது வயது. மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. அண்ணன் பிறம்ரனில் ஒரு வெயாஹவுசில் பெட்டி ஏற்றி இறக்கினார். அப்பா இல்லை, அம்மா கொழும்பில். தங்கச்சியைக் கரைசேர்க்காமல் தான் கலியாணம் செய்வதில்லை என்று அண்ணன் சபதம் எடுத்திருந்தார். எங்கள் ஆட்கள் இதைத் தியாகம் என்று மெச்சுவார்கள். அந்தத் தியாகத்தைச் சுமந்துகொண்டு திரிந்தவள் நான்தான் என்பது யாருக்கும் தெரியவில்லை.

பிறம்ரனுக்கு அப்பால் ஒரு வீட்டு வாசலில்தான் அவர் அந்தத் துவக்கைக் கண்டார். வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, செத்துப்போன புருஷனின் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாளாம். மீன்பிடிக்கும் தடிகளுக்கு நடுவில் அது கிடந்தது. உலக யுத்தத்துக்கு முந்திய செய்கை, வால்நட் மரப்பிடி, ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். விலை நாற்பது டொலர். கடையில் இதைப்போல் நாலு மடங்கு கேட்பார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொல்லியிருக்கிறார். அதோடு அண்ணனின் கதை முடிந்தது. ஆனால் கிழவி விடவில்லை. பெர்மிட் கொண்டுவந்தால்தான் தருவேன், அதுவரை உனக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் வேலி பாய்ந்து ஓடியவர் என் அண்ணன். துவக்குக்குப் பயந்துதான் நாலு நாடு தாண்டிக் கனடாவுக்கு வந்தார். அகதி விசாரணையில் அவர் சொன்னதில் பாதி துவக்கைப் பற்றியதுதான். சீருடை போட்ட யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார், அது தபால்காரராக இருந்தாலும். அப்படிப்பட்டவர் தானாகப் பொலிஸ் நிலையத்துக்கு நடந்துபோய், எனக்குத் துவக்கு வைத்திருக்க அனுமதி வேண்டும் என்று கேட்டார். மலிவு அவருக்கு அவ்வளவு தைரியத்தைக் கொடுத்திருந்தது.

பெர்மிட் சும்மா கிடைக்கவில்லை. வகுப்புக்குப் போய்ப் பாஸ் பண்ண வேண்டும், நல்லவர் என்று சொல்ல ஆட்கள் வேண்டும், பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருநாள் ஒரு பொலிஸ்காரி என் வேலையிடத்துக்கே போன் பண்ணினாள். உன் அண்ணனுக்குக் கோபம் வருமா, வீட்டில் உன்னையோ வேறு யாரையாவதோ கைநீட்டி அடித்திருக்கிறாரா, குடிப்பாரா, அண்மையில் காதல் கீதல் ஏதும் முறிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முறிவதற்கு முதலில் அது வர வேண்டுமே என்று வாய்வரை வந்தது. இல்லை என்று மட்டும் சொன்னேன். ஒரு ஆணைப் பற்றி இப்படி நேருக்கு நேராக யாரும் கேட்டு நான் கண்டதில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

துவக்கு வீட்டுக்கு வந்தது. சட்டப்படி அதற்கொரு பூட்டுப் போட்டு, என் சேலைகள் இருந்த அலுமாரியில் அண்ணன் வைத்தார். சேலைகளைக் கட்டிலுக்குக் கீழே வைக்கச் சொன்னார். யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முதல் துவக்கு வரும். "இதின்ர தோட்டா பென்சில் துண்டளவுதான். நடுவில இல்லை, அடி விளிம்பில ஊசி தட்ட வெடிக்கும். அதுதான் றிம்பயர் எண்டுறது," என்று நூலகத்துப் புத்தகத்தில் படித்ததை ஒப்பிப்பார். பிறகு, "என்ன விலை இருக்கும், சொல்லுங்கோ பாப்பம்," என்பார். வந்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் துவக்குக்குப் பயந்து ஓடியவர்கள்தான். ஒருவராவது இது எதற்கு என்று கேட்டதில்லை. நாற்பது டொலர் என்றதும் வாயைப் பிளப்பார்கள். ஒரு அங்கிள் மட்டும், தான் போயிருந்தால் முப்பதுக்கு எடுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். அண்ணன் ஒருதரமும் அதைச் சுட்டதில்லை. சுட்டால் தோட்டா வாங்க வேண்டுமே.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெடியனுக்கு முப்பத்துமூன்று வயது. முன்பு மொன்றியலில் இருந்தவர், இப்போது ஸ்காபரோவில் தாய் தகப்பனோடு இருக்கிறார், கம்பெனி ஒன்றில் மெஷின் திருத்தும் வேலை. குறிப்புப் பார்த்தோம், நல்ல பொருத்தம். பிறகு விசாரணை தொடங்கியது. விசாரிப்பதில் எங்கள் ஆட்களை அடிக்க ஆளில்லை. அண்ணன் யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போட்டார், கொழும்புக்கும் பாரிசுக்கும் லண்டனுக்கும் போன் அடித்தார். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பப்பா எங்கே பெண் எடுத்தார், யாருக்காவது நீரிழிவு உண்டா, குடும்பத்தில் யாராவது சாதிக்கு வெளியில் கலியாணம் முடித்திருக்கிறார்களா எல்லாம் கேட்டறிந்தார். பெடியன் எப்படிப்பட்டவர் என்று கேட்டாரா என்று நான் கேட்டேன். "நல்ல குடும்பம் எண்டு சொல்லுறாங்கள். பிறகென்ன?" என்றார்.

நானாவது விசாரித்திருக்கலாம். ஆனால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அண்ணனின் சம்மதத்தோடு இரண்டு மூன்று தரம் போனில் பேசினோம். கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், காது விழுந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, பஸ்ஸில் அடிக்கடி காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கதையைச் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். குரல் மெதுவான, இதமான குரல். அந்தக் குரலை வாழ்நாள் முழுக்கக் கேட்கலாம் என்று தோன்றியது. வேலையிடத்தில் போன் அடித்தால் நெஞ்சு ஒருதரம் துள்ளும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தக் கலியாணம் நடக்க வேண்டும் என்று எல்லாரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவள் நான்தான்.

பெண்பார்க்க மூவரும் வந்தார்கள். "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், பிள்ளையை மட்டும் தாங்கோ," என்றார் தகப்பனார். பலகாரம் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "நீங்கள் உங்கட பிள்ளைக்குச் செய்யிறதை நாங்கள் தடுக்கேலாதுதானே," என்றும் சேர்த்துக்கொண்டார். அண்ணன் மண்டபம், நகை, கையில் ஒரு தொகை என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம். நிற்க முடியுமா? அலுமாரியைத் திறந்து துவக்கை வெளியே எடுத்தார்.

தகப்பனார் ஊரில் காட்டு இலாகாவில் வேலை செய்தவர். பெரிய அதிகாரி இதைப்போல ஒரு துவக்கோடு முன்னால் போவாராம், இவர் பின்னால் சோற்றுக் கரியரோடு போவாராம். துவக்கை மடியில் வாங்கிக்கொண்டார். மரப்பிடியைத் தடவினார். குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு நெடுநேரம் நின்றேன். என்னை அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

மறுநாள் போன் வந்தது. "தம்பி, நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. அந்தத் துவக்கில எனக்கொரு விருப்பம், அவ்வளவுதான்."

அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கச் சம்மதித்தபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. "புல்வெட்டுற மெஷினைக் குடுப்பமோ?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தங்கச்சியைக் கொடுக்க ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, துவக்குக்கு இந்தப் பாடு என்று கத்தினேன். பிறகு சமாளித்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். கலியாணம் குழம்பிவிடுமோ என்ற பயம் எனக்கு. கடைசியில் அவர் சம்மதித்தார். ஆனால் பெர்மிட் இருப்பவருக்குத்தான் கைமாற்றலாம் என்று சொல்லிவிட்டார். தகப்பனாருக்கு இங்கிலிஷ் போதாது. ஆகவே மகன் பெர்மிட் எடுப்பது என்று முடிவானது.

அதன்பிறகு போனில் அந்தக் குரலில் ஒரு சோர்வு தெரிந்தது. "உது தேவையில்லாத வேலை. அப்பாவின்ர விசர்," என்றார். துவக்கில் விருப்பமில்லாத மனிதர் கிடைத்தாரே என்று நான் சந்தோஷப்பட்டேன். மண்டபம் பதிவாகியது. கூறைச்சேலை எடுத்தாயிற்று. அம்மாவுக்கு விசா கேட்டு எழுதினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தகப்பனார் தனியாக வந்தார். முகம் கடுகடு என்று இருந்தது. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சோபாவில் இருந்தார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் கதவு இல்லாத வீடு அது.

"தம்பி, பொலிஸ்காரர் பெடியனுக்குப் பெர்மிட் தரேலாதாம்."

"ஏன் அங்கிள்?"

"மொன்றியல்ல இருக்கேக்க ஒரு பெட்டையோட கொஞ்சக்காலம் ஒரு வீட்டில இருந்தவன். வயசுக்கோளாறு. ஒருநாள் வாய்த்தர்க்கம் வந்து கைநீட்டிப்போட்டான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய், பிறகு பொலிசுக்கும் போனவள். கோட்டு, வழக்கு எண்டு இழுபட்டு ஒரு வருஷம் பொலிசில போய்க் கையெழுத்து வைச்சவன். எல்லாம் முடிஞ்ச அலுவல் எண்டுதான் நாங்கள் நினைச்சம். இந்த நாட்டில பொம்பிளையைத் தொட்டாலே கேஸ்தானே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெர்மிட்டை விடும். நீர் துவக்கைச் சும்மா என்ர காரில வையும். ஆர் பாக்கப்போறான்?"

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை நிறுத்தினேன். அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்பது மட்டும்தான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

"குறை நினையாதேங்கோ அங்கிள்," என்றார் அண்ணன். "சட்டத்தை மீறி நான் குடுக்கேலாது. கைநீட்டுற ஆளின்ர வீட்டில துவக்கு இருக்கக்கூடாது எண்டு வகுப்பிலயே சொல்லித் தந்தவங்கள். நாளைக்கு ஏதும் நடந்தா நான்தான் பதில் சொல்லோணும்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "மற்றும்படி கலியாணம் சொன்ன நாளில நடக்கட்டும்."

நான் வெறுங்கையோடு ஹோலுக்குள் போனேன்.

"அண்ணை, உங்கட துவக்கைக் குடுக்கப் பயமாக் கிடக்கிற வீட்டுக்கு என்னை அனுப்பப் பயமில்லையோ?"

"பிள்ளை, பெரியாக்கள் கதைக்கேக்க…" என்று தகப்பனார் தொடங்கினார்.

"உள்ள போ," என்றார் அண்ணனும்.

நான் போகவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். முகம் கறுத்துப்போனது. எழும்பிப் போய், தகப்பனாரின் கோட்டை எடுத்து வந்து, கையை விடுவதற்கு வசதியாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொறன்ரோவில் ஒருவரை எழுப்பி அனுப்ப இதற்குமேல் வார்த்தை தேவையில்லை. தகப்பனார் எங்கள் குடும்பத்தைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டே கோட்டுக்குள் கையை நுழைத்தார்.

இரண்டு நாள் கழித்து வேலையிடத்துக்குப் போன் வந்தது. அவர்தான். அப்பாவுக்குக் கதைக்கத் தெரியாது, எல்லாவற்றையும் பெருப்பித்துச் சொல்லிவிட்டார் என்றார். அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை என்றார். அதே குரல், அதே இதம். இவரை நம்பு, நம்பு என்று எனக்குள்ளே ஒருத்தி கெஞ்சிக்கொண்டிருந்தாள். பொலிஸ்காரி என்னிடம் கேட்டதையே நான் அவரிடம் கேட்டேன்.

"நீங்கள் அவவுக்கு அடிச்சனீங்களோ?"

நான் இரங்குவேன் என்று நம்பி, மெதுவாகச் சொன்னார்.

"ஒருக்காத்தான்."

போனை வைத்துவிட்டேன். கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அதைச் சொன்னபோதும் அந்தக் குரல் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.