எண்ணெயில் மின்னிய வெள்ளி

போன வாரம் என் காரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. விருதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கிருந்த தம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே ஏதோ ஒயரைச் செருகி, செல்போனைப் பார்த்து, "சென்சார் சார், மாத்திரலாம்" என்று முடித்துவிட்டார். எஞ்சினைத் தொடவே இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆயில் அளக்கும் கம்பியை உருவி, எண்ணெயைக் கட்டைவிரலில் தடவி, வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.

"என்ன சார் பாக்குறீங்க?"

"வெள்ளி."

அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் இருக்கும். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் லோடு அனுப்பும் வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய டீசல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அச்சு மை வாசனையிலிருந்து டீசல் வாசனைக்கு மாறியதையே முன்னேற்றம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். மனைவி இரண்டு சட்டையையும் ஒரே வாளியில்தான் ஊறவைத்தாள். கம்பெனியை விட்டு வரும்போது முதலாளியிடம் வேறு கொஞ்சம் வீரமாகப் பேசிவிட்டேன். ஆகவே கார் நின்றால், அந்த வீரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அதே வாசலில் போய் நிற்க வேண்டும்.

ஒருநாள் வெம்பக்கோட்டையில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன். எம். புதுப்பட்டி நெருங்கும்போது எஞ்சினுக்குள் 'டொக், டொக்' என்று சத்தம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். காரணம் தெரியாத சத்தம் கேட்டால், எந்தத் திசையில் புகை என்றுதான் கண் முதலில் போகும். புகை இல்லை, இந்தக் கார்தான் என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் என் அவமானக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை விருதுநகர் ஸ்டேஷனில் வடக்கேயிருந்து வரும் வெடி வியாபாரிகளை ஏற்ற வேண்டும். அவர்களுக்குப் பிடித்துப்போனால் சீசன் முழுக்க என் வண்டிதான்.

ஊர் விலக்கில் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் செல்வராசுவுக்கு என் வயதுதான். வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, சாவியைத் திருகப் போனேன்.

"அணைக்காதீக அண்ணாச்சி, ஓடட்டும்."

"வெடிச்சிருமாய்யா?"

"அதுக்கெல்லாம் நம்ம ஊர்ல வேற ஆளுக இருக்காக. நீங்க தள்ளி நில்லுங்க."

நீள ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினான். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மாற்றி மாற்றி வைத்தான். பிறகு நாலு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். தளர்த்தும்போது சத்தம் குறைந்தால் அந்த சிலிண்டருக்கு அடியில் பேரிங் போயிற்று என்று அர்த்தமாம். நாலுக்கும் சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. எனக்கு உயிர் பாதி திரும்பியது.

அவன் எஞ்சினை அணைத்து, ஆயில் கம்பியை உருவினான். வெயிலில் எண்ணெய் மினுமினுத்தது. சும்மா இல்லை, சாமிக்குச் சாத்திய வெள்ளிக் கவசம் மாதிரி.

"அண்ணாச்சி, பேரிங் தேஞ்சு பொடியாயிருச்சு போல. காது மேல சிக்கல்ங்குது, எண்ணெய் அடில சிக்கல்ங்குது. கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். மூணு நாள் ஆகும்."

நான் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலாளியிடம் சொல்ல வேண்டிய மன்னிப்பை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். இரண்டாவது ஒத்திகையில் அழுகைகூட நன்றாக வந்தது.

அப்போதுதான் செல்வராசுவின் மனைவி மாரி, பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், செய்யும் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வேலை முடிந்து வந்தார். எங்கள் பக்கம் வேலை விட்டு வருகிறவர்களை முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், கை மட்டும் வெள்ளியாக மின்னும். என்னவென்று கேட்டவர், கம்பியில் ஒரு விரலை வைத்து எடுத்து, கட்டைவிரலால் தேய்த்தார்.

"அண்ணே, இந்த எண்ணெய எதுல வச்சிருந்தீக?"

"டப்பாலதான்மா."

"எந்த டப்பா? கொண்டாங்க பாப்போம்."

டிக்கியிலிருந்து எடுத்துவந்தேன். பழைய இரும்புக் கடையில், மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று ஆசையாகப் பொறுக்கியது. எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் இதிலிருந்துதான் ஊற்றுவேன். மாரி மூடியைத் திறந்து விளிம்பில் விரலை ஓட்டி, கையைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தாருங்க, இது எங்க கம்பெனிப் பவுடரு. அலுமினியம். இரும்புப் பொடியா இருந்தா நரநரன்னு இருக்காது? இது மாவு கணக்கா வழுக்குது. தெனம் இதுலதான கெடக்கேன்."

செல்வராசு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணாச்சி, டப்பாவக் கழுவுனீகளா?"

"தொடச்சேன்."

"எதை வச்சு?"

"பனியன் துணி."

"எஞ்சினுக்குப் பூச்சட்டி மருந்து ஊட்டுன மொத ஆளு நீங்கதான்."

எண்ணெயை இறக்கி, ஃபில்டரை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி ஓடவிட்டு, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினான். இப்போது கம்பியில் வெறும் எண்ணெய். மேல் மூடியைத் திறந்தால், வால்வை அமுக்கும் டேப்பட்டில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. இறுக்கியதும் சத்தம் அடங்கியது. கார் அமைதியாக நின்றது. நான் டயரை விட்டு எழுந்தேன்.

"ஒரு சிலிண்டருக்கு மட்டும் மூச்சு கம்மியா இருக்கு. ரெண்டு தீவாளி தாங்கும்" என்றான். நாலு தாங்கியது. வடக்கத்தி வியாபாரிகளும் அந்த நாலு சீசனும் என் வண்டியில்தான் சுற்றினார்கள்.

அந்தக் கார் இப்போது இல்லை. தகரக் கொட்டகை இல்லை. காதில் ஸ்குரூடிரைவர் வைப்பவர்களையும் காணோம். சென்சார் மாற்றிய கையோடு எம். புதுப்பட்டிக்கு ஒரு நடை போய்வந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் உதிரிபாகக் கடை. கல்லாவில் மாரி. பூச்சட்டி வேலையை விட்டுப் பல வருஷமாயிற்றாம். செல்வராசு சாமான் எடுக்க மதுரை போயிருந்தான். ஒரு லிட்டர் ஆயில் கேட்டேன். சீல் வைத்த டப்பாவை நீட்டினார்.

"இதுலயே இருக்கட்டும்ணே. வேற எதுலயும் மாத்திராதீக."

சிரித்துக்கொண்டே வாங்கும்போது அந்தக் கையைப் பார்த்தேன். ரேகைகளில் வெள்ளியே இல்லை. எல்லோர் கையையும் போல இருந்தது.