கெட்டிமேளத்துக்கு ஒரு செயலி

அக்காவின் தாலிகட்டுக்கு மேளம் அடிக்கும் பொறுப்பு என் போனுக்கு வந்து சேர்ந்தது. அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் கொழும்பில் கொட்டாஞ்சேனை. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளவத்தை. அக்கா வேலை செய்த புடவைக் கடைக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் அத்தான் வேலை செய்தார். அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். நாங்கள் தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு இறங்கியவர்கள். அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. இரண்டு வீடும் ஒத்து வர நாள் எடுத்தது. ஒத்து வந்த பிறகு அத்தானின் அம்மா ஒரே ஒரு விருப்பம் சொன்னார். கல்யாணத்தைத் தங்கள் தொடர்மாடியின் மேல்தளத்து மண்டபத்திலேயே வைக்க வேண்டும். அவருக்கு முழங்கால் வலி, லிஃப்டில் ஏறினால் மண்டபம். யாருக்கும் மறுப்பில்லை.

ஆனால் அந்தக் கட்டடத்தின் நிர்வாகக் குழு ஒரு சட்டம் வைத்திருந்தது. மண்டபத்தில் மேளம் கூடாது, வெடி கூடாது. அளவான சத்தத்தில் ஸ்பீக்கர் வைக்கலாம்.

அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அக்கா அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் வந்தாள்.

“எத்தன பொண்ணுங்களுக்குக் கூறச்சீல எடுத்துக் குடுத்திருப்பேன், தெரியுமா? எல்லாரும் மறுபடி கடைக்கு வந்து கல்யாண வீடியோவக் காட்டுவாளுங்க. கெட்டிமேளம் அடிக்கிற எடத்துல எல்லாக் கழுதையும் அழுதிருக்கும். எனக்கு மட்டும் ஊமக் கல்யாணமா? மேளம் இல்லாட்டி நான் கழுத்த நீட்ட மாட்டேன்டா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்வதும் விளையாட்டில்லாமல் சொல்வதும் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுக் கடைக்குப் போனவள் அவள். நான் பல்கலைக்கழகம் வரை போனேன். இதுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

“ஸ்பீக்கர் வைக்கலாம்னு சொல்லியிருக்காங்கல்ல? கெட்டிமேளம் நான் போடுறேன்,” என்றேன்.

“எதுல?”

“போன்ல.”

அக்கா என் போனைப் பார்த்தாள். திரையின் மூலையில் ஒரு கீறல் இருந்தது. “நாசமாப் போச்சு,” என்றாள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரியாத வேலை கைக்கு வந்தால் பயப்படுவதில்லை. வாசிப்பேன். எங்கள் வீட்டுக்கு மின்சாரச் சபையிலிருந்து ஒரு தாள் வந்தாலும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தாலும் அதைப் பிரித்து அர்த்தம் சொன்னது ஒன்பது வயதிலிருந்து நான்தான். கேட்பதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லாதவனுக்குச் சின்ன எழுத்தையெல்லாம் வாசிக்கும் பொறுமை தானாக வந்துவிடும். பாட்டுப் போடும் செயலியைத் தேர்வதும் எனக்கு அப்படித்தான் இருந்தது. செயலியில் எல்லாரும் பச்சை முக்கோணத்தைத் தொடுவார்கள். நான் முதலில் அமைப்புகளைத் திறப்பேன்.

பதிவுகளுக்குக் கஷ்டப்படவில்லை. கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டும் நண்பன் ஒருவன் எங்கள் வீதியில் இருக்கிறான். மெல்லிய நாதஸ்வரம் ஒன்றும் நல்ல கெட்டிமேளம் ஒன்றும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். கல்யாணத்தன்று பெட்டி போன்ற பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் தருவதாகவும் சொன்னான்.

இணையத்திலிருந்து பாட்டு இழுக்கும் செயலிகளை நான் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டேன். மேல்தளத்து மண்டபத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. வந்தாலும் ஆபத்து. வீட்டில் ஒருமுறை பரீட்சித்துப் பார்த்தபோது நாதஸ்வரம் முடிந்த கையோடு ஒரு பெண் சிங்களத்தில் ஷாம்பு விற்றாள். ஆகவே போனுக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் வாசிக்கும் செயலிதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். அதையும் போனை விமானப் பயன்முறையில் போட்டுத்தான் ஓட்டுவேன். தாலி ஏறும் நேரத்தில் யாராவது எனக்கு அழைப்பு எடுத்தால் மேளம் நின்று மணியடிக்கும் அல்லவா?

அடுத்ததாக இறக்கிய செயலி மிக அழகானது. பாட்டோடு சேர்ந்து திரையில் வண்ணங்கள் ஆடும். பெருமையாக அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கெட்டிமேளத்தைத் தொட்டேன். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு எங்கோ தூரத்தில் தவில். பிறகு கொஞ்சம் கிட்டத்தில். அதன் பிறகுதான் முழுச் சத்தம் வந்தது.

“என்னடா, மேளக்காரன் இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வர்றானா?” என்றாள் அக்கா. “அவன் வந்து சேர்றதுக்குள்ள எனக்குப் புள்ளையே பொறந்துடும்.”

காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று சத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றும் வசதி அது. சினிமாப் பாட்டுக்குச் சரி. கெட்டிமேளம் மெல்லத் தொடங்கினால் அது கெட்டிமேளமே இல்லை. கையை வைத்த கணத்தில் இடி மாதிரி விழவேண்டும். அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்தும் இடத்தைத் தேடினேன். அந்தச் செயலியில் அது இல்லை. அதே நிமிடத்தில் அழித்தேன்.

இதற்குள் எனக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருந்தது. கொள்ளுப்பிட்டியில் என்னோடு வேலை செய்யும் நண்பன் தன் கல்யாண வீடியோவைத் தந்திருந்தான். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அதைத்தான் பார்த்தேன். கெட்டிமேளம் தாலிக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முழுச் சடங்கிலும் ஐயர் பல இடங்களில் கையைத் தூக்குகிறார். ஒவ்வொரு முறையும் மெல்லிய வாசிப்பு நின்று கெட்டிமேளம் எழுகிறது. பிறகு விட்ட இடத்திலிருந்து மெல்லிய வாசிப்பு போகிறது. மேளக்காரர்கள் அவர் வாயைக் கேட்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள். முன் இருக்கையில் இருந்த ஒரு அன்ரி திரும்பிப் பார்த்து, “தம்பிக்குக் கலியாணமோ?” என்று கேட்டார். “அக்காவுக்கு,” என்றேன். “பாவம், ஏக்கத்தில பாக்குதாக்கும்,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

ஆகவே என் செயலிக்கு இன்னும் இரண்டு தகுதிகள் வேண்டியிருந்தன. ஒவ்வொரு கோப்பிலும் நிறுத்திய இடத்தை அது தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டும். கெட்டிமேளம் திரும்பத் திரும்ப ஓடும்போது முடிவுக்கும் தொடக்கத்துக்கும் நடுவே இடைவெளி விழக்கூடாது. தாலி முடிச்சுப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அத்தானின் கைவிரல்கள் மருந்து எண்ணிப் பழகியவை, நூல் கட்டிப் பழகியவை அல்ல.

பாவித்தவர்கள் எழுதியிருந்த குறைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பாராட்டுகளை வாசிக்கவில்லை. பாராட்டு எல்லாச் செயலிக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும். குறை சொல்பவன்தான் விவரம் சொல்வான். கடைசியில் ஒன்று அகப்பட்டது. பார்க்கச் சகிக்காது. சாம்பல் நிறம், தகரப் பலகை மாதிரி ஒரு முகப்பு. “படமே இல்ல,” “பழைய காலத்துச் சாமான்” என்றெல்லாம் அதைத் திட்டியிருந்தார்கள். எனக்கு வேண்டியது எல்லாம் அதற்குள் இருந்தது. விளம்பரம் இல்லை. தொட்ட கணத்தில் முழுச் சத்தம்.

இனி ஸ்பீக்கர். வயர் இல்லாமல் இணைத்தால் தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே ஒரு தாமதம் இருந்தது. அதோடு இணையும்போதெல்லாம் ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரி இங்கிலீஷில் அறிவிப்பாள். அவளை நான் மணவறைக்குப் பக்கத்தில் விடத் தயாரில்லை. வயரால்தான் இணைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தின் மூலையில் ஸ்பீக்கரையும் ஒரு சின்ன மேசையையும் வைத்து நான் உட்கார்ந்தேன். கடற்காற்று ஜன்னல் திரைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. லண்டனிலிருந்து வந்திருந்த அத்தானின் சித்தப்பா என் போனைக் குனிந்து பார்த்தார்.

“என்ன தம்பி உது, வானொலிப் பெட்டி மாதிரிக் கிடக்கு? இஞ்ச என்ர போனைக் கொழுவும். இன்ரநெற்றில அடிச்சா உலகத்தில இருக்கிற மேளமெல்லாம் வரும்.”

“வேணாம் மாமா. இங்க சிக்னல் சரியில்ல.”

“உது உம்மட போனுக்கு.”

அவர் தன் போனில் தேடினார். வட்டம் சுற்றியது. அவர் ஜன்னலுக்குப் போய்க் கையைத் தூக்கிப் பிடித்தார். அங்கும் சுற்றியது. திரும்பி வந்து, “சரி, நீர் நடத்தும். பிழைச்சா நான் இருக்கிறன்,” என்றார். அவர் இருந்து என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை.

சடங்கு தொடங்கியது. ஐயர் கையைத் தூக்கியபோதெல்லாம் தொட்டேன், விழுந்தது. கையை இறக்கியபோது நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து போனது. மூன்றாவது முறைக்குப் பிறகு ஐயர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிய மேளக்காரர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பது போல இருந்தார். அக்கா மட்டும் கூறைச் சேலைக்குள்ளிருந்து ஒருமுறை கடைக்கண்ணால் பார்த்தாள். முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு இடம்.

அந்த இடத்துக்குத்தான் நான் ஒன்றை யோசித்திருக்கவில்லை. ஐயர் தாலியைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் மண்டபம் முழுவதும் எழுந்தது. எல்லார் கையிலும் வாழ்த்தித் தூவும் அறுகரிசி, போன், பிள்ளை. எல்லாரும் முன்னுக்கு நெருங்கினார்கள். என் கண்ணுக்கு முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. வயர் என்னை மேசையோடு கட்டி வைத்திருந்தது. எழுந்து நின்றாலும் ஐயரின் கை தெரியவில்லை. “விலகுங்க, விலகுங்க” என்றேன். கல்யாணத்தில் அதை யார் கேட்பார்கள்?

கை தெரியாவிட்டால் காது இருக்கிறது. நண்பனின் வீடியோவை எத்தனை முறை ஓட்டியிருப்பேன்! மாங்கல்யம் என்று தொடங்கும் அந்த மந்திரத்தின் ஏற்ற இறக்கம் எனக்கு அர்த்தம் தெரியாமலே மனப்பாடம். அது எந்த இடத்தில் முடியும்போது மேளம் எழும் என்பதும் தெரியும். ஐயரின் குரல் மேலே போனது, இறங்கியது, கடைசிச் சொல்லுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா, “இப்பவோ? இப்பவோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். தொட்டேன்.

இடி விழுந்தது.

நுனிக்காலில் எம்பிப் பார்த்தேன். பிறகு இரண்டு சேலைகளுக்கு நடுவே ஒரு இடைவெளியில் அப்பாவின் இரண்டு கைகளும் மேலே போய் அரிசியை வீசியதைக் கண்டேன். சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

இனி எப்போது நிறுத்துவது? அதுவும் தெரியாது. ஒரு முடிச்சா, இரண்டா, மூன்றா? நிறுத்திவிட்டுத் தப்பாகப் போவதைவிடத் தொடர்வதே நல்லது. மேளம் சுற்றிச் சுற்றி, எங்கே முடிந்தது எங்கே தொடங்கியது என்று தெரியாமல் ஓடியது. கரையோரத்தில் ரயில் போனதாம். எனக்குக் கேட்கவில்லை. நான் சத்தத்தை இன்னும் ஒரு படி ஏற்றினேன். அளவான சத்தம் என்று சட்டத்தில் இருந்தது ஞாபகம் இருந்தது. அளவு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கவில்லை. வாசித்திருந்தேன்.

“தம்பி, கட்டி முடிஞ்சு கனநேரம்,” என்று சித்தப்பா என் காதுக்குள் கத்திய பிறகுதான் நிறுத்தினேன்.

ஆட்கள் அமர்ந்துகொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்தது. கீழே வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, நாங்கள் அய்யே என்று கூப்பிடும் சிங்கள அண்ணன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். நேரே என்னிடம் வந்தார்.

“மல்லி, பெர கஹன்ன பே கியலா கிவ்வனே!” தம்பி, மேளம் அடிக்கக் கூடாது என்று சொன்னோமே என்று சிங்களத்தில் கோபமாகக் கேட்டார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். “கோ பெரகாரயோ?”

மேளக்காரர்கள் எங்கே என்று அவர் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மணவறைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். என் மேசைத் துணியைத் தூக்கிக் குனிந்தும் பார்த்தார்.

“மே தியென்னே அய்யே,” இதோ இருக்கிறது என்று போனைக் காட்டினேன். சாம்பல் நிறத் திரையில் இரண்டே இரண்டு கோப்புகள். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்பீக்கர் வைக்கலாம் என்பது அவருக்கும் தெரியும். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அத்தானின் அம்மா அவரைச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்.

அக்கா மணவறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போனதும் குனிந்த தலையோடு, உதடு அசையாமல் கேட்டாள்.

“அந்தாளு நெசமாவே மேளக்காரங்களத் தேடுனாரா?”

“ஆமாக்கா.”

“மேசைக்கு அடியிலயுமா?”

“ஆமா. துணியத் தூக்கி.”

அவள் தோள் குலுங்கியது. புகைப்படக்காரர் அவள் அழுகிறாள் என்று நினைத்துக் கிட்ட வந்து படம் எடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தான் பக்கம் சாய்ந்தாள்.

“கேட்டீங்களா?” என்றாள். “அப்ப அது மேளந்தான்.”